இறக்கிட்டாங்களாம்

புயல் கூண்டை இறக்கிவிட்டார்களாம் என்று நான் சொன்னது பொய். எந்த வானொலியும் அப்படிச் சொல்லவில்லை. கூண்டு இறக்கப்படவும் இல்லை. புயலுக்கு என் மாடியில் வந்து தங்கலாமா என்று கேட்க வந்த ஒரு பெண்ணிடம், அவள் அதை வாய்விட்டுக் கேட்கும் முன்பே அந்தப் பொய்யைச் சொன்னேன். அவள் நம்பித் திரும்பிப் போனாள். அன்று மாலை அவள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இதை மழுப்பி எழுத இனித் தெம்பில்லை.

நாங்கள் குடியிருப்பது திருவொற்றியூரில், ரயில் பாதைக்கு மேற்கே, கால்வாயை நோக்கிச் சரிந்து இறங்கும் ஒரு சந்தில். ஓர் ஆட்டோ உள்ளே நுழைந்தால் எதிரே வரும் சைக்கிள் யார் வாசலிலாவது ஏறி நிற்க வேண்டும். அந்தச் சந்தில் என் வீடு மட்டும் மாடி வீடு. மற்றவை எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறைகளும் இரட்டை அறைகளும்தான். மாநகராட்சி ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் சாலை ஒரு சாண் உயரும். வீடுகள் ஒரு சாண் பள்ளத்துக்குப் போகும். எதிர் வீட்டுக்குள் நுழைய இப்போது குனிந்து இறங்க வேண்டும்.

அந்த எதிர் வீட்டுக்காரிதான் அவள். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து, மார்க்கெட் முனையில் உட்கார்ந்து விற்பவள். கணவர் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு வாசல் நாற்காலியே அவருக்கு எல்லாம். வாய் மட்டும் விழவில்லை. சந்தில் போகிற வருகிற எல்லோரையும் வம்புக்கு இழுப்பார். அவர்களுக்கு ஒரே மகள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தக் கப்பல் எப்போது வந்து கட்டும், எப்போது அவிழ்த்துக்கொண்டு கிளம்பும் என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே இருந்த வேலை. சந்தில் எனக்கு 'ஆபீசர்' என்று பெயர். அதனால் புயல் காலத்தில் என்னிடம்தான் வந்து கேட்பார்கள்: "கூண்டு இன்னா நம்பர்?"

துறைமுகத்தின் கொடிமரத்தில் பகலில் கூம்பும் உருளையுமாகக் கூண்டுகளை ஏற்றுவார்கள், இருட்டினால் விளக்குகளை. கடலில் இருப்பவர்களுக்கு அது செய்தி. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு ஆபத்துதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைத் தொடும் என்பதில்தான் வேறுபாடு. சந்துக்கு அந்தக் கணக்கு வேண்டாம். ஐந்தைவிட ஆறு பெரிது, ஆறைவிட ஏழு பெரிது. இறக்கிவிட்டால் புயல் போய்விட்டது. நான் இளைஞனாக இருந்தபோது எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கொடிமரத்து விளக்கு மங்கலாகத் தெரியும். இப்போது கன்டெய்னர்களை அடுக்கிய அடுக்கில் கடலே தெரிவதில்லை. ஆனாலும் கைபேசியில் ஆயிரம் செய்தி வந்தாலும், மின்சாரத்தை நிறுத்தி, செல்போன் கோபுரங்களும் செத்து, எல்லாக் கைபேசியும் அணைந்த பிறகு, பேட்டரி போட்ட வானொலி வைத்திருந்த வீடு எங்கள் வீடுதான்.

ஐப்பசி பிறந்தாலே என் மனைவி வீட்டைப் புயலுக்குத் தயார் செய்யத் தொடங்கிவிடுவாள். முருங்கை மரத்தின் நீண்ட கிளைகளை வெட்டச் சொல்வாள். முதலில் முறிவது முருங்கைதான். மாடித் தொட்டியின் மூடியைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது பறந்து போய் யார் மண்டையிலாவது விழும். டிஷ் ஆன்டெனாவைக் கழற்ற வேண்டும். பூந்தொட்டிகளைச் சுவரோரம் படுக்க வைக்க வேண்டும். கீழே குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் செங்கல் கொடுத்து ஏற்ற வேண்டும். காலி சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும்; தண்ணீர் வந்தால் அது மிதந்து கதவுகளை முட்டிக்கொண்டு திரியும். கீழ்க் கழிப்பறைக்குள் மணல் மூட்டை திணிக்க வேண்டும், சாக்கடை எதிர்த்து வராமல் இருக்க. அரிசி, பருப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி எல்லாம் மாடிக்குப் போகும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் நிறைய காய்ச்சி வைப்பாள்.

அவள் சொல்வாள், நான் செய்வேன். முதல் சில ஆண்டுகள் அதில் ஓர் உற்சாகம்கூட இருந்தது. பிறகு போய்விட்டது. ஒவ்வோர் ஆண்டும் கட்டிய கயிற்றையே மறுபடி கட்டுவதும், ஏற்றிய பொருளையே மறுபடி இறக்குவதும், பாதி முறை புயல் ஆந்திரா பக்கம் திரும்பிப் போய்விடுவதும் மனிதனைச் சலிப்படைய வைத்துவிடும்.

அவள் தயார் செய்ததில் எதிர் வீடும் அடக்கம். ஒரு பாய் கூடுதலாக வெயிலில் காயும். பருப்பு கூடுதலாக மாடிக்குப் போகும். காற்று கிளம்பியதும் எதிர் வீட்டுக்காரி வந்து எங்கள் கேட்டுக்கு வெளியே நிற்பாள்.

"நைனா, கூண்டு இன்னா நம்பர்?"

நான் நம்பரைச் சொல்வேன். என் மனைவி பின்னாலிருந்தே குரல் கொடுப்பாள்: "எந்த நம்பரா இருந்தா என்ன, மேல வந்துடுங்க." அவ்வளவுதான் பேச்சு. வரலாமா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. வா என்று சொல்லும்படி நாங்களும் அவளைக் காக்க வைத்ததில்லை. அந்தக் கேள்வியும் பதிலும் பல ஆண்டுகளாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அப்படியே இருந்தன.

அந்தப் புயலுக்கு முந்தைய புயலில் அவள் கணவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். சந்து இளைஞர்கள் நான்கு பக்கமும் பிடித்துக்கொள்ள, அவர் ஒரு கையால் வானத்தைக் காட்டிக்கொண்டே ஏறினார்.

"பாத்துத் தூக்குங்கடா டேய், சாமி ஊர்வலம் போவுது. ஆபீசரே, கற்பூரம் ரெடியா?"

அவர்கள் தங்கிய நாட்களில் என் மாடியில் எனக்கு உட்கார இடமில்லாமல் போயிற்று. தொட்டித் தண்ணீர் தீர்ந்தது. கழிப்பறை வாசலில் நான் காத்து நின்றேன். அவர் இருமிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார். ஈரத்துணி, பாய், தலையணை, திரைச்சீலை எல்லாவற்றிலும் மீன் வாடை ஏறியிருந்தது. அவர்கள் போன பிறகும் என் படுக்கையில் அந்த வாடை இருந்ததாக எனக்குத் தோன்றியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு வெறும் களைப்பு என்று எழுதினால் அது இன்னொரு பொய். களைப்பும் இருந்தது. வாடையும் இருந்தது. இனிமேல் முடியாது என்று நான் அப்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டிருந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

அடுத்த புயல் வந்தபோது என் மனைவி எங்கள் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தாள். காலையில் மின்சாரம் நிற்பதற்கு முன் பேசினாள். தொட்டி மூடியைக் கட்டினீர்களா, சிலிண்டரைக் கட்டினீர்களா என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னாள்:

"எதிர் வீட்டுல போய் முன்னாடியே சொல்லிடுங்க. தண்ணி வந்தப்புறம் அவரைத் தூக்க ஆள் கிடைக்காது."

"சரி" என்றேன்.

போகவில்லை. வீட்டு வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்தேன். சுற்றுச்சுவர்க் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். வானொலியில் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைச் சொன்னார்கள். பெரிய எண். நாளை வரை கரையோரத்தில் யாரும் நடமாட வேண்டாம் என்றார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் குழந்தைகளையும் துணி மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாற்காலி தூக்கிய இளைஞர்களும் அவர்களோடு போனார்கள். எதிர் வீடு மட்டும் போகவில்லை. அவர்களுக்குத்தான் என் மாடி இருந்ததே.

நடுப்பகல் தாண்டி மழை சற்று ஓய்ந்தது. காற்றும் அடங்கினாற்போல் இருந்தது. அவள் தலையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். நான் மாடிப் பால்கனியில் இருந்தேன்.

"நைனா! கூண்டு இன்னா நம்பர் நைனா?"

"இறக்கிட்டாங்களாம்."

அவள் சாக்கை விலக்கி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மெய்யாலுமா?"

"ரேடியோல சொன்னான்."

"அப்ப சரி. காலைலேர்ந்து இந்தாளோட ஒரே பேஜாரு நைனா. ஆபீசர் வூட்டுக்குப் போலாமா, போலாமான்னு. இரு, நைனாவ ஒரு வார்த்தை கேட்டுகினு வர்றேன்னு வந்தேன்." திரும்பப் போனவள் நின்றாள். "அம்மா வேற ஊர்ல இல்ல. நீ இன்னா துன்ன?"

"பிரெட் இருக்கும்மா."

"பிரெட்டா? காய்ச்சக்காரனா நீ? கருவாட்டுக் கொழம்பு கீது, பொண்ணாண்ட குடுத்தனுப்பட்டா?"

"வேண்டாம்மா. வயிறு சரியில்ல."

அது இரண்டாவது பொய்.

இறக்கிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. இறக்கிவிட்டார்களாம் என்றேன். வார்த்தையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ஆம்' பெரிய வசதி. சொன்னது நான் அல்ல, எவனோ. நான் கேட்டதைக் கடத்துகிறேன், அவ்வளவுதான் என்று அது சொல்லிவிடும். தப்பாகப் போனாலும் நம் தலையில் விழாது. அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம், கப்பல் தாமதமானால் யார் தலையிலும் விழாதபடி கடிதம் எழுதிப் பழகியவன் நான். அந்தப் பழக்கம் அன்று தானாக நாக்கில் வந்தது. உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தேன். வீடு அமைதியாக இருந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் காற்று திரும்பியது. தண்ணீர் மழையாக வரவில்லை; கால்வாய்ப் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் சந்துக்குள் ஏறி வந்தது. கறுப்பாக இருந்தது. மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கியது. எங்கிருந்து கலந்தது என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் வெள்ளம் வெறும் தண்ணீராக வருவது குறைவு.

"நைனா! நைனா! தண்ணி வந்துகினு கீது!"

நான் பால்கனிக்கு ஓடினேன். அவள் தன் வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்.

"மேல வாங்கம்மா! சீக்கிரம் வாங்க!"

"எப்டி வர்றது? இந்தாள யாரு தூக்கறது?"

கீழே இறங்கினேன். சங்கிலியைத் திறந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு சந்தில் கால் வைத்தால் தண்ணீர் தொடையை இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தரை எண்ணெயில் வழுக்கியது. அவள் அங்கிருந்தே கத்தினாள்:

"நீ மேல போ நைனா! உன்ன வேற யாரு தூக்கறது!"

நான் மேலே போனேன். இதைவிட வேறு விதமாக எழுத எனக்கு வழியில்லை.

கட்டிலின் மேல் பெஞ்சைப் போட்டு அதன்மேல் அவரை உட்கார வைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்படியும் அவர் கால்கள் தண்ணீரில்தான் இருந்தன. மகள் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் அவரைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் ஜன்னலிலிருந்து அவர்கள் டார்ச் வெளிச்சம் கூரை இடுக்கில் தெரிந்தது. அது தெரிந்தவரை அவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு. பிறகு பேட்டரி தீர்ந்திருக்கும். அப்புறம் கணக்கும் இல்லை.

காலையில் கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த ஒரு ஃபைபர் படகு சந்துக்குள் வந்தது. மீனவப் பிள்ளைகள் அவரைப் போர்வையில் சுற்றித் தூக்கி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப் படகில் போட்டார்கள். இடுப்புக்குக் கீழே கறுப்பாக இருந்தார். நான் பால்கனியில் நிற்பதைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார்.

"ஆபீசரே! கூண்ட எறக்கிட்டாங்கன்ன? என்னிய ஏத்துறாங்கோ பாரு!"

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவர் வேண்டுமென்று குத்தினாரா, வழக்கம்போல் வாய்க்கு வந்ததைச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. தண்ணீரில் ஏதோ கீறி, நல்ல காலில், இடது காலில், புண் வைத்துவிட்டது. அந்த எண்ணெய்த் தண்ணீரில் ஊறியதால்தான் இப்படியா என்று கேட்டதற்கு, சர்க்கரைக்காரருக்கு எதனாலும் ஆகும் என்றாராம் மருத்துவர். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். பெருவிரலும் அதற்கடுத்ததும் போயின. கைத்தாங்கலாக வாசல்வரை நடந்து வந்துகொண்டிருந்தவர் அதன்பின் நடக்கவில்லை. காலையில் தூக்கி நாற்காலியில் வைப்பார்கள், மாலையில் தூக்கிக் கட்டிலில் போடுவார்கள்.

என் மனைவி ஊரிலிருந்து திரும்பியதும் சுவரில் வெள்ளம் விட்டுப்போன கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவங்க ஏன் மேல வரல?"

நடந்ததைச் சொன்னேன். எதிர் வீட்டுக்காரி வந்து கேட்டாள், நான் இப்படிச் சொன்னேன் என்று. ரேடியோ சொல்லாததை நானாகச் சொன்னேன் என்றும் சொன்னேன். என் மனைவி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அவ கேட்டது கூண்டையா?" என்றாள்.

அவள் பிளீச்சிங் பவுடரையும் பழைய துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். பல நாட்கள் காலையில் சமையலை முடித்துவிட்டு அங்கே போய்த் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் பிசுக்கு எளிதில் போகவில்லை. என்னிடம் அதைப் பற்றி அவள் மறுபடி பேசவே இல்லை. சோறு போட்டாள், மாத்திரை எடுத்து வைத்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு படிக்கட்டு கட்டினேன். எங்கள் மாடிக்குப் போக வேண்டுமானால் கேட்டைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, உள்படியில் ஏற வேண்டும். என் அனுமதி இல்லாமல் யாரும் ஏற முடியாது. அதனால் சந்திலிருந்தே நேராக மாடி அறைக்குப் போகும்படி வெளிப்பக்கம் ஓர் இரும்புப் படி. டோல்கேட் பக்கத்துப் பட்டறையில் செய்யச் சொன்னேன்; சரக்கு ட்ரைசைக்கிளில் வந்து இறங்கியது. மேலே அறைக் கதவுக்குப் பூட்டு வைக்கவில்லை. என் மகன் தொலைபேசியில், கடல் காற்றில் இரும்பு துருப்பிடித்துவிடும், திருடன் ஏறுவான் என்றெல்லாம் சொன்னான். மனைவி மட்டும் "கட்டுங்க" என்றாள்.

வெல்டிங் முடிந்து பெயின்ட் அடித்த அன்று எதிர் வீட்டு வாசலுக்குப் போனேன்.

"இனிமே யாரையும் கேட்க வேண்டாம். காத்து வந்தா நேரா ஏறி வந்துடுங்க."

அவர் நாற்காலியிலிருந்து படியை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"ஷோக்கா கட்டிகீற ஆபீசரே. படி கட்டிட்ட. கால் எப்போ கட்டுவ?"

"த்தூ! வாய வச்சிகினு சும்மா கெட" என்று அவள் உள்ளிருந்து அதட்டினாள். என்னைப் பார்த்து, "நீ ஒண்ணும் நெனச்சிக்காத நைனா. இந்தாளுக்கு வாயில மட்டும் புண்ணே வராது" என்றாள்.

அவர் சொன்னது சரி. குறுகலான, செங்குத்தான படி. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். நாற்காலியோடு தூக்கிப் போகவே முடியாது. யாருக்காகக் கட்டினேனோ அவரை ஏற்ற முடியாத படி அது என்பதை, நிறம் பார்த்துப் பெயின்ட் வரை அடித்து முடித்த பிறகுதான் நான் கண்டேன்.

வீணாகப் போகாமல் இருக்கட்டும் என்று, மொட்டை மாடியில் கருவாடு காய வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் முதலில் தயங்கினாள்.

"வாடை அடிக்கும் நைனா."

"அடிக்கட்டும்."

விற்காமல் மிஞ்சிய மீனை உப்புத் தடவிக் கொண்டுவந்து அங்கே பரப்பத் தொடங்கினாள். வீடு முழுக்க வாடை வந்தது. பொறுத்துக்கொண்டேன் என்று எழுதினால் பெருமை அடித்துக்கொள்வது போலிருக்கும். சில நாள் குமட்டியது. பிறகு பழகிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் பழகக்கூடிய ஒன்றுக்காகத்தானா அப்படிச் செய்தேன் என்பதுதான் பழகவில்லை.

ஒரு நாள் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு ரேடியோ ஒண்ணும் சொல்லலம்மா. கூண்டை இறக்கவும் இல்ல. நானாத்தான் சொன்னேன்."

அவள் கை நிற்கவில்லை.

"தெரியும் நைனா."

"எப்படித் தெரியும்?"

"ஸ்கூல்ல இருந்தப்பவே பேசிகினாங்களே. கூண்ட மறுநாள் வரிக்கும் எறக்கவே இல்லன்னு."

"அப்ப ஏம்மா என்னைக் கேக்கல?"

"இன்னாத்த கேக்கறது? நான் வர்லாமான்னு கேட்டேன். நீ வராதன்னு சொல்லிகீற." ஒரு மீனை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தாள். "வராதன்னே சொல்லியிருக்கலாம் நைனா. நாங்க பாட்டுக்கு ஸ்கூலுக்குப் போயிருப்போம்."

கோபமே இல்லாமல் சொன்னாள். என் மாடியை நான் மறுத்ததை அவள் ஒரு பெரிய குற்றமாகவே நினைக்கவில்லை. என் வீடு, என் இஷ்டம். மறுத்ததை மறுத்ததாகச் சொல்லாமல் புயலின் தலையில் போட்டேனே, அதில்தான் அவள் கணவரின் கால் போயிற்று.

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

"அந்தாண்ட காக்கா வருது பாரு நைனா. வெரட்டு."

எழுந்து காக்காயை விரட்டினேன். அவள் அடுத்த மீனைத் திருப்பிப் போட்டாள்.

அதன்பிறகு இரண்டு மழைக்காலம் பெரிதாக எதுவும் வரவில்லை. கயிறு கட்டினோம், அவிழ்த்தோம். சென்ற ஐப்பசிக்குப் பிறகு ஒரு புயல் சின்னம் வலுத்து வந்தது. நான் காலையிலேயே தயாராகிவிட்டேன். ஆட்டோ நிறுத்தத்துப் பிள்ளைகளிடம் எதிர் வீட்டுக்காரரை எங்கள் உள்படி வழியாகத் தூக்கி வரும்படி முன்பே பேசி வைத்திருந்தேன். மாடி அறையில் கீழே படுக்க மெத்தை போட்டு, அவருக்கு உயரமான கழிப்பறை நாற்காலி ஒன்றும் வாங்கி வைத்தேன். என் மனைவி பருப்பைக் கூடுதலாக எடுத்து வைத்தாள். பாயை உதறிப் போட்டாள். பிறகு வானொலியை மடியில் வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எதிர் வீட்டுக்காரி கேட்டுக்கு வெளியே வந்து நின்று, கூண்டு இன்னா நம்பர் என்று கேட்க வேண்டும். கேட்டால் நம்பரைச் சொல்லிவிட்டு, மேலே வா என்று நானே சொல்ல வேண்டும். அதற்கு முன்பே இறங்கிப் போய் அழைத்திருக்கலாம். அவள் வாயால் அந்தக் கேள்வி வர வேண்டும் என்ற பிடிவாதத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த வயதிலும் புத்தி அப்படித்தான் போகிறது.

அவள் வந்தாள். கையில் துணிப்பை இருந்தது.

"நைனா, கூண்டு ஏத்திட்டாங்க. காசிமேட்ல போட்டெல்லாம் கட்டிட்டாங்க. ஜன்னலெல்லாம் நல்லா சாத்திக்கோ. அம்மாவ வெளிய வுடாத."

நான் எழுந்து நின்றேன்.

"மேல வாங்களேம்மா. அவரைத் தூக்க ஆள் சொல்லி வச்சிருக்கேன். எல்லாம் தயாரா இருக்கு."

"வேணா நைனா. ஸ்கூல்ல எடம் புடிச்சிட்டோம். அங்க எல்லாம் தரையிலயே கீது, இவுருக்கு ஏறி எறங்கற வேல இல்ல."

"நம்ம படி இருக்கேம்மா."

"கீதுதான்." அவள் படியை ஒரு தரம் பார்த்தாள். "டிவியும் மிக்சியும் மட்டும் அதுல ஏத்தி மேல வச்சிட்டுப் போவட்டா?"

அவள் மகள் இரண்டு நடையாக ஏறி அந்தப் பொருள்களை அறையில் வைத்தாள். நான் விரித்து வைத்திருந்த மெத்தையின் நடுவில் தொலைக்காட்சிப் பெட்டியைப் படுக்க வைத்து, மேலே ஒரு சேலையைப் போர்த்தினாள். கீழே ஷேர் ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி புளிச்சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள்.

"இன்னா அம்மா, ஆபீசருக்கு மிச்சம் வச்சிகீறியா?" என்றார் அவர். பால்கனியை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆட்டோ சந்தை விட்டுப் போயிற்று.

கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றுதான் அவள் சொன்னாள். ஏற்றிவிட்டார்களாம் என்று சொல்லவில்லை. ஆட்டோ போன பிறகு அதை எத்தனையோ முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

அந்தப் புயல் கரையைத் தொடும் முன்பே வலுவிழந்துவிட்டது. இரண்டு நாள் மழை, அவ்வளவுதான். சந்தில் கணுக்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை. வெளிப்படியின் மேல்கதவைக் காற்று அடித்துச் சாத்தாமல் இருக்க, திறந்த நிலையிலேயே கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தேன். அதன் வழியாகச் சாரல் அடித்து அறைத் தரை முழுவதும் ஈரமாகிவிட்டது. டிவி நனைந்துவிடுமோ என்று அதை நகர்த்தி, உள் அறைக் கட்டிலில் என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியதும் அவள் படியேறி வந்தாள். சேலையை விலக்கி, பெட்டியின் பின்பக்கத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணும் நனையல நைனா. சூப்பரு."

"அடுத்த தடவை நீங்களும் வந்துடுங்கம்மா."

அவள் பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டாள். படியின் முதல் கம்பியில் காலால் தேடி நின்றுகொண்டாள்.

"பாக்கலாம் நைனா" என்றாள். "இந்தக் கம்பி துருப்பிடிச்சிகினு வருது பாரு. பெயின்ட் அடிச்சி வை."